நத்தை என்று கூப்பிட அனுமதி

கண்ணாடிக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதி ஒரு பயனும் இல்லை. அவரே திரும்பிப் பார்க்காத பெயரை நீங்கள் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் 'வரவில்லை' என்று பதிவானவர் அவர். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களே, "பொண்ணு தெரியுது, மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டார்கள். தவழ்கிற வயதிலிருந்தே அவர் நத்தை. எதையும் மெதுவாகச் செய்கிற பிள்ளை என்று அவருடைய அம்மா வைத்த பெயர். பிறகு ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற தொழிலுக்குப் போனார். ஆளுயரக் கண்ணாடியை மரச்சட்டத்தில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு, அடிமேல் அடி வைத்து அவர் தெருவில் நடப்பதைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்தப் பெயரை மாற்றத் தோன்றவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை.

அவர் மனைவி தையற்காரி. கல்யாணமான புதிதில் முறைப்படி "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவர் பாட்டுக்கு இருந்தார். ஒரே வாரத்தில் அவளும் நத்தைக்கு மாறிவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், நடுத்தெருவில், முதுகில் கண்ணாடியோடு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள்: வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் ஆள் விழவில்லையாம். இடது கையால் வாரை அவிழ்த்து, கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து, அது வழுக்காது என்று தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விழுந்தாராம். கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை.

அரசு மருத்துவமனையில் அவரை நாற்பத்தைந்து நாள் கண்காணிப்பு வார்டில் போட்டார்கள். அந்தக் கெடு முடிந்ததும் இரண்டில் ஒன்று. தேறுவார் என்று டாக்டர் எழுதினால் மேல்மாடியில் இருக்கும் பயிற்சி வார்டுக்குப் போகலாம். கைகால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு. தேறமாட்டார் என்று எழுதினால் பின்கட்டில் 'அமைதிப் பகுதி'. பெயர் என்னவோ மரியாதையாகத்தான் இருக்கிறது. அங்கே எந்த டாக்டரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே போன யாரும் நடந்து வெளியே வந்ததும் இல்லை.

தேறுவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்வது படிவத்தின் மூன்றாவது கேள்வி: 'பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி கண் திறக்கிறாரா?' டாக்டர் குனிந்து, பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். கட்டிலில் ஒரு அசைவும் இல்லை.

"அந்தப் பேரு அவருக்குத் தெரியாது டாக்டர்," என்றாள் தையற்காரி. குனிந்து, "நத்தை!" என்றாள்.

கண் திறந்தது. கருவிழி அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினார். சுவரில் ஒரு பலகை: 'அரசுக் கட்டடங்களில் அங்கீகாரம் பெறாத பட்டப்பெயரால் எவரையும் அழைப்பது குற்றம். - பட்டப்பெயர்ப் பேரவை.' நர்ஸ் ஓடி வந்து தையற்காரியின் பார்வையாளர் பாஸை வாங்கி அதில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். "இன்னொரு கோடு விழுந்தா பாஸ் ரத்தாயிடும்மா. அப்புறம் நீங்க உள்ளேயே வர முடியாது."

"கண்ணைத் திறந்தாரே, பாத்தீங்கல்ல?"

"நான் பாத்தேன்மா," என்றார் டாக்டர். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் வருத்தத்துக்குப் படிவத்தில் இடம் கிடையாது. "ஆனா அது பேரு இல்லையே. பேரவையில அங்கீகாரம் வாங்கிட்டு வாங்க. நாற்பத்தஞ்சு நாள் இருக்கு."

அன்றிலிருந்து அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள், முதுகைத் துடைப்பாள், வீட்டு விஷயம் எல்லாம் பேசுவாள். கூப்பிட மட்டும் மாட்டாள்.

பட்டப்பெயர்ப் பேரவை ஏழு மாடிக் கட்டடம். நாட்டில் யாருக்கு என்ன பட்டப்பெயர், அதற்கு இசையில் என்ன பொருள், வரலாற்றில் என்ன பொருள், இலக்கியத்தில் என்ன பொருள் என்று ஆராய்ந்து காப்பாற்றுவதற்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. பட்டப்பெயர் என்பது நாலு பேர் சிரித்துக்கொண்டே வைத்து, பத்துப் பேர் சிரித்துக்கொண்டே கூப்பிடுவது என்றுதான் நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஏழு மாடி வேண்டும் என்பது நமக்குத் தெரியாமல் போனது நம்முடைய அறியாமை. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பேரவையே பட்டங்கள் கொடுத்திருந்தது. அறைக் கதவில் பட்டங்களை எழுத இடம் போதாமல் இரண்டு மாடிகளில் சுவரை இடித்துக் கதவை அகலமாக்கியிருந்தார்கள்.

வரவேற்பில் இருந்தவர் முதலில் விதியைச் சொன்னார். "விண்ணப்பதாரர் அந்தச் சொல்லை இங்க உச்சரிக்கக் கூடாது. சீட்டுல எழுதி, கவர்ல போட்டு, ஒட்டிக் குடுங்க. பேசும்போது 'மேற்படிச் சொல்'லுன்னு சொல்லணும். சொல்லை வாய்விட்டுச் சொல்ற உரிமை தலைவர் ஒருத்தருக்குத்தான்."

"கவரை ஒட்டிட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிரிச்சுப் பாப்பாங்க."

"அப்புறம் எதுக்கு ஒட்டணும்?"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அவள் ஒட்டிக் கொடுத்தாள். டோக்கன் கிடைக்க ஒன்பது நாள் ஆனது.

முதலில் இசைப் பிரிவு. அதன் அலுவலர் கவரைப் பிரித்தார், படித்தார், முகத்தைச் சுளித்தார். "அம்மா, இசை உலகத்துல மேற்படிச் சொல்லு ஒரு வசவு. தாளத்துக்கு எப்பவும் ஒரு அடி பின்னால வர்ற வாத்தியக்காரனை அப்படித்தான் திட்டுவாங்க. போன தலைமுறையில ஒரு மத்தளக்காரர் இந்தச் சொல்லைக் கேட்டு மேடையிலேயே மயங்கி விழுந்திருக்காரு. இதை நாங்க அங்கீகரிச்சா கலைஞர்கள் மனசு புண்படும்."

"அவரு கண்ணாடி போடுறவருங்க. பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை."

"சம்பந்தம் இல்லைங்கிறதுக்குச் சான்று இருக்கா?"

சான்று இல்லை. அதற்கும் அங்கே வழி இருந்தது. 'இசையறியாமைச் சான்றிதழ்' என்று ஒன்று. நோயாளி வந்து மூன்று நடுவர்கள் முன் பாடி, தோற்க வேண்டும். நோயாளியால் வர முடியாது என்றதும், நெருங்கிய உறவினர் பதிலுக்குப் பாடலாம் என்று விதியைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். பதினோரு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். தையற்காரி மூன்று நடுவர்கள் முன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று பாடினாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தாலாட்டு. வெட்கத்திலும் அழுகையிலும் குரல் இரண்டாவது வரியிலேயே உடைந்தது. நடுவர்கள் மூவரும் ஒருமனதாகக் கையை உயர்த்தினார்கள். அந்தப் பிரிவில் ஒருமனதாக ஒரு முடிவு எடுத்தது அதுதான் முதல் தடவை என்று ஒருவரையொருவர் கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டார்கள். சான்றிதழில் 'இசைஞானம் அறவே இல்லை' என்று சீல் குத்தினார்கள். பிறகு, இசை தெரியாதவருக்கு ஏன் இசைச்சொல் என்று கேட்டு விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

அன்று இருபத்தாறாவது நாள்.

வரலாற்றுப் பிரிவில் இரண்டு அலுவலர்கள், ஒரே மேஜையின் இரண்டு முனையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலத்தில் மேற்படிச் சொல்லால் அழைக்கப்பட்ட ஒரு படைத்தலைவன் இருந்தானாம். முற்றுகைக்கு மூன்று நாள் தாமதமாக வந்தானாம். கோட்டை விழுந்துவிட்டது. எதிரியிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டுத்தான் தாமதித்தான் என்பது ஒருவர் கட்சி. வழியில் பஞ்சத்தில் கிடந்த ஜனங்களுக்குப் படையின் சோற்றைப் பகிர்ந்துகொடுத்ததால் தாமதம் என்பது மற்றவர் கட்சி.

"உங்க கணவர் அவன் வம்சம் இல்லைன்னு ஏழு தலைமுறைக்கு ஆதாரம் வேணும்," என்றார் முதலாமவர்.

"அவங்க அப்பாவும் கண்ணாடி போடுறவருதாங்க."

"துரோகிங்க வம்சமெல்லாம் அப்படித்தான் தொழில் மாத்திக்கிட்டு ஒளிஞ்சுக்கும்."

"அப்ப துரோகின்னு முடிவாயிடுச்சா?"

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முடிவா?" என்றார் இரண்டாமவர், திகைப்போடு. "முப்பது வருஷமா விவாதத்துல வச்சிருக்கோம். அவரு நூல் எழுதுவாரு, நான் மறுப்பு நூல் எழுதுவேன். அவருக்கு ஒரு விருது, எனக்கு ஒரு விருது. முடிவாயிட்டா எங்க கதி என்னம்மா?"

"எனக்குப் பத்தொன்பது நாள்தாங்க இருக்கு."

"வரலாறுன்னு பாத்தா அதெல்லாம் ஒரு காலமே இல்லை," என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். ஃபைலில் 'ஆய்வில் உள்ளது' என்று எழுதி, பத்து நாள் வைத்திருந்து, இலக்கியப் பிரிவுக்குத் தள்ளினார்கள்.

இலக்கியப் பிரிவு அலுவலர் சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. மேற்படிச் சொல் ஒரு மகாகவியின் பட்டப்பெயர் என்று அவர் கண்கலங்கச் சொன்னார். நாற்பது வருஷத்தில் நாலே வரி எழுதினவராம். அதனால் ஜனங்கள் கேலியாக வைத்த பெயராம்.

"அப்ப கேலிதானே சார்? எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வச்சாங்க."

"அவர் உயிரோட இருந்தவரைக்கும் கேலி. செத்த பிறகு புனிதம்," என்றார் அலுவலர். "உண்மையைச் சொல்றேன்மா. அவர் இருந்தப்ப ஒரு வேளைச் சோறு போட ஆளில்லை. பட்டினிலதான் போனாரு. இன்னிக்கு அவர் பேருல இந்த மாடியில எண்பத்திரண்டு பேர் உக்காந்து சாப்பிடுறோம். அந்தப் பேரைக் கண்ணாடி போடுறவருக்குக் குடுத்துட்டா, நாளைக்கு ஜனங்க மேற்படிச் சொல்லைக் கேட்டதும் கவிஞரை நினைப்பாங்களா, ஜன்னலை நினைப்பாங்களா? நாங்க எண்பத்திரண்டு பேர் எங்க போறது?"

தையற்காரி குரலை உயர்த்தினாள். "கீழ ஒருத்தர் அதைக் கேவலம்னு சொல்றாரு. நடு மாடியில துரோகம்ங்கிறாங்க. நீங்க புனிதம்ங்கிறீங்க. மூணும் ஒரே சொல்லுதானே? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்களேன்."

"ஒண்ணைச் சொல்லிட்டா மூணு பிரிவு எதுக்கும்மா?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

மூன்று பிரிவுக்குள்ளும் ஒத்துவராத சொல்லைத் தலைவர் நேரில் விசாரிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நாற்பத்துமூன்றாவது நாள் காலை பதினோரு மணிக்குத் தலைவர் மருத்துவமனைக்கு வந்தார். அவரோடு மூன்று பிரிவு அலுவலர்களும், ஒரு மைக்கும், இரண்டு ஒலிபெருக்கியும், தலைவருக்கு மட்டும் ஒரு சிம்மாசன நாற்காலியும், ஒரு பதிவு எழுத்தரும் வந்தார்கள். வார்டில் மற்ற நோயாளிகளின் கட்டில்களைச் சுவரோரம் தள்ளி இடம் ஒதுக்கினார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டிருந்த ஒரு பெரியவரைக் கட்டிலோடு வராந்தாவில் விட்டார்கள். கேட்க ஆளில்லை.

பதிவு எழுத்தரின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தலைவர் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும், அப்போது கேட்கிறவர்கள் செய்கிற ஒவ்வொரு அசைவையும் அவர் எழுத வேண்டும். கைதட்டல் எத்தனை, தலையாட்டல் எத்தனை, கண்ணீர் எத்தனை என்று ஆண்டறிக்கையில் பட்டியல் போடுவார்கள். அதை வைத்துத்தான் தலைவரின் பதவி நீடிக்கும். அதனால் பதிவேட்டில் ஒரு எழுத்தைக்கூடப் பிறகு அடிக்கவோ திருத்தவோ கூடாது என்று தலைவரே சட்டம் போட்டிருந்தார். எழுத்தர் நேர்மையானவர். கொட்டாவியையும் எழுதுவார், 'வியப்பில் வாய் திறந்தார்' என்று எழுதுவார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரியோர்களே! ஒரு சொல்லை அது யாருக்கு உரியதோ அவரிடமிருந்து காப்பாற்றுவதே இப்பேரவையின் தலையாய பணி. மக்கள் கையில் விட்டால் சொற்கள் தேய்ந்துவிடும். கூப்பிடுவதற்கே பயன்படுத்திவிடுவார்கள்! நத்தை..."

கட்டிலில் கண் திறந்தது.

"...நத்தை என்ற இச்சொல்லின் இசை நயத்தைச் சிந்தியுங்கள்!"

கண் மறுபடியும் திறந்தது. ஒலிபெருக்கி பக்கம் திரும்பியது. தையற்காரி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைவரும் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"கண்டீர்களா! நினைவிழந்தவரையும் கண் திறக்க வைக்கிறது என் சொல்லாற்றல்! நத்தை! வரலாற்றில் நத்தை! இலக்கியத்தில் நத்தை!"

ஒவ்வொரு முறையும் கண் திறந்தது. ஐந்தாவது முறை இடது கை விரல்கள் போர்வையைத் தடவின. எட்டாவது முறை உதடு அசைந்தது. கேட்கிறவர் இவ்வளவு ரசிப்பதைத் தன் வாழ்நாளில் கண்டிராத தலைவர், பேச்சை ஒரு மணி நேரம் நீட்டினார். எழுத்தர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். முடிவில், சொல்லின் மாண்பு கருதி விண்ணப்பத்தின் மீதான முடிவைத் தள்ளிவைப்பதாக அறிவித்துவிட்டுத் தலைவர் சிம்மாசனத்தோடு கிளம்பினார்.

தையற்காரி வாசல்வரை ஓடி எழுத்தரைப் பிடித்தாள். "ஐயா, நீங்க எழுதினதுல எனக்கு ஒரு நகல் கிடைக்குமா?"

எழுத்தர் நின்றார். இருபது வருஷத்தில் அவர் எழுதியதை யாரும் கேட்டதில்லை. மறுநாளே சீல் வைத்த நகலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

நாற்பத்தைந்தாவது நாள் காலையில் அவள் அதை டாக்டரின் மேஜையில் வைத்தாள். டாக்டர் வாசித்தார். 'தலைவர் அவர்கள் "நத்தை" என்றதும் நோயாளி கண் திறந்து பாராட்டினார். தலைவர் அவர்கள் மீண்டும் "நத்தை" என்றதும் நோயாளி மீண்டும் கண் திறந்து பாராட்டினார்.' இப்படிப் பத்தொன்பது தடவை. ஓரத்தில் பேரவையின் தங்கநிற முத்திரை.

"அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை உள்ளவரே சொல்லியிருக்காரு," என்றாள் அவள். "நான் சொல்லலை."

டாக்டர் கதவைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பேனாவை எடுத்து மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினார். அன்று பிற்பகல் நத்தை மேல்மாடிக்குப் போனார். பயிற்சி ஆசிரியை தினமும் அவர் தோளைத் தொட்டு எழுப்பி, கைகால்களை மடக்கி நீட்டினாள். மேல்மாடியிலும் அதே பலகை இருந்ததால் அவளும் கூப்பிடவில்லை.

பதினெட்டு நாள் கழித்துப் பேரவையின் ஆய்வாளர் ஒருவர் உத்தரவோடு வந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆகவே, அங்கீகாரம் இல்லாத சொல்லுக்குக் கண் திறந்தது கண் திறந்ததாகாது. ஆகவே, நோயாளியை அமைதிப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். உத்தரவை நோயாளியே, தன் பெயருக்குப் பதில் சொல்லிப் பெற்றுக்கொண்ட பிறகு அது அமலுக்கு வரும்.

ஆய்வாளர் கட்டிலுக்கு அருகில் நின்று பதிவேட்டுப் பெயரைக் கூப்பிட்டார். நத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் உரக்கக் கூப்பிட்டார். நத்தை ஜன்னலைத்தான் பார்த்தார். அதில் ஒரு கண்ணாடி சரியாகப் பொருத்தப்படவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒன்பது தடவை கூப்பிட்ட பிறகு ஆய்வாளருக்கு வியர்த்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, காதோரமாகக் கிசுகிசுத்தார்.

"நத்தை..."

அவர் திரும்பினார். இடது கையை நீட்டினார்.

ஆய்வாளர் அவசரமாக உத்தரவை நீட்டப் போனார். தையற்காரி குறுக்கே வந்து நின்றாள். "என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க சார்? இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. இந்தம்மா குறிச்சுக்கட்டும்." பயிற்சி ஆசிரியை சார்ட்டையும் பேனாவையும் எடுத்து, கடமையாக, ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தாள்.

ஆய்வாளர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். உத்தரவைப் பைக்குள் திணித்தார். "நாளைக்கு வர்றேன்," என்றார். நாளைக்கு வருவார், மறுநாளும் வருவார், இல்லாவிட்டால் வேறொருவர் வருவார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஏழு மாடியில் ஆள்களுக்கா பஞ்சம்?

அவர் போன பிறகு அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைவர் மேல் கோபம், எண்பத்திரண்டு பேர் மேல் கோபம், தன் தாலாட்டைக் கேட்டுக் கைதூக்கிய மூன்று பேர் மேல் கோபம். எல்லாவற்றையும்விட அவளுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. அறுபத்துமூன்று நாள். அவர் காதுக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, சுவரில் எவனோ மாட்டிய ஒரு பலகைக்குப் பயந்து அவள் சும்மா இருந்திருக்கிறாள். கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று அந்த மனுஷன் காத்துக் கிடந்திருப்பார். யார் யாரோ கூப்பிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை.

அவள் எழுந்தாள். பலகைக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"நத்தை!" என்று கத்தினாள்.

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வராந்தாவில் நர்ஸின் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது. கட்டிலில் அவர் தலையைத் திருப்பி, அவளைக் கண்டுபிடித்து, வாயைக் கோணலாகத் திறந்தார். உள்ளே எங்கிருந்தோ, அவருக்கே உரிய அவசரமின்மையோடு, குரல் வந்து சேர்ந்தது.

"எ...ன்...ன?"

நர்ஸ் சிவப்புப் பேனாவோடு வாசலில் வந்து நின்றாள். தையற்காரி பாஸை எடுத்து அவளிடம் தானே நீட்டினாள். "கிழிச்சுப் போடும்மா," என்றாள். அப்புறம் கட்டில் பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாக, மறுபடியும் கூப்பிட்டாள்.